பூரியின் கயிறு

கயிறு பூரியுடையதுதான். கழுத்துதான் வேறு.

கஸ்தூரி குனிந்து பார்த்தாள். கறுப்புக் கயிறு, நடுவில் ஒரு துண்டு வசம்பு. பூரி குட்டி போட்ட மறுநாள் அவளே திரித்துக் கட்டியது. பிள்ளை பெற்றவளுக்குச் செய்வதை நாய்க்குச் செய்கிறாயே என்று கோவில்பதாகையில் அவள் தெருவே சிரித்தது. பெற்றவள் பெற்றவள்தான், கண் படாமல் இருக்கட்டும் என்று சொல்லிக் கட்டிவிட்டாள். அந்தக் கயிறு இப்போது எந்த ஊர் நாயோ ஒன்றின் கழுத்தில் கிடந்தது.

அதுவும் செவலைதான். வால் நுனியில் அதற்கும் வெள்ளை. ஒரு காதின் முனையைப் புதிதாக வெட்டி ஊதா மருந்து பூசியிருந்தார்கள். அடிவயிற்றில் பஞ்சு ஒட்டியிருந்தது. மயக்கம் முழுதாகத் தெளியாமல், நிற்பதற்கே சுவரைத் தேடிக்கொண்டிருந்தது.

"இந்தாங்கம்மா, உங்க நாய். கூட்டிட்டுப் போங்க," என்றாள் கவிப்பிரியா. கிளினிக்கின் முன்மேசையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குச் சீட்டுப் போடுகிற பெண்.

"இது எங்க நாயி இல்லம்மா."

"நல்லா பாருங்க. நேத்து கூட்டிட்டு வந்தப்போ கட்டியிருந்த கயிறுதானே இது?"

"கயிறு எங்களுது. நாயி எங்களுது இல்ல."

"மயக்க ஊசி போட்டா மூஞ்சி கொஞ்சம் மாறின மாதிரி இருக்கும்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

மயக்க ஊசி முகத்தை மாற்றலாம். குட்டிகள் சப்பிச் சப்பித் தொங்கிப்போன மடியை ஒரே ராத்திரியில் வயிற்றோடு ஒட்ட வைக்குமா? இந்த நாய் குட்டியே போட்டதில்லை. கண் இருக்கிற யாருக்கும் தெரியும்.

"பூரி," என்று கூப்பிட்டுப் பார்த்தாள் கஸ்தூரி. நாய் காதைக்கூட ஆட்டவில்லை.

முந்தின நாள் காலையில் ஏரிக்கரைப் பக்கம் போன பூரி, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தது. குடிகாரன் எவனோ உடைத்துப் போட்ட பாட்டில். பாதம் வாயைப் பிளந்த மாதிரி கிழிந்து கிடந்தது. மஞ்சளை அப்பிப் பார்த்தாள், ரத்தம் நிற்கவில்லை. சிமென்ட் சாக்கை உதறி அதில் பூரியைச் சுற்றித் தூக்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோக்காரனின் முணுமுணுப்பையும் வாங்கிக்கொண்டு, சேக்காட்டில் இருக்கிற இந்தக் கண்ணாடிக் கதவு கிளினிக்குக்கு வந்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாய்க்கு டாக்டர்.

"வீட்டு நாயா, தெரு நாயா?" என்று அப்போது கேட்டாள் கவிப்பிரியா.

கஸ்தூரிக்கு இந்தக் கேள்வியே விளங்கவில்லை. அவள் தெருவில் நாய் என்றால் இரண்டும்தான். சோறு வீட்டில், படுக்கை தெருவில். சங்கிலி போட்டுக் கட்டிவைக்க அது என்ன திருடியதா?

"எங்கூட்லதாம்மா துன்னும். தெருவுலதான் படுக்கும். ஊட்ல பால் குடிக்கிற குட்டிங்க கீது, காலத் தெச்சி சீக்கிரம் அனுப்பிடுங்கோ."

கவிப்பிரியா தலையாட்டினாள். டாக்டர் வர நேரமாகும், விட்டுவிட்டுப் போங்கள், சாயங்காலம் வாருங்கள் என்றாள்.

கஸ்தூரியும் விட்டுவிட்டுப் போனாள். போகாமல் இருக்க முடியாது. பருத்திப்பட்டில் ஒரு வீட்டுக்குத் தளம் போடுகிற நாள் அது. கலவை மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டால் தளம் முடிகிறவரை நிற்காது. நடுவில் கழன்றுகொள்கிற சித்தாளை மேஸ்திரி மறுபடி கூப்பிட மாட்டார். சட்டியைத் தலையில் ஏற்றி ஏற்றி, தளம் மட்டமாகி அவள் கீழே இறங்கியபோது இருட்டிவிட்டது. ஓடிவந்தால் கிளினிக்கின் ஷட்டர் இறங்கியிருந்தது.

அன்றைக்கு அவள் வீட்டில் யாரும் தூங்கவில்லை. நாலு குட்டிகளும் தண்ணீர் டிரம்முக்குக் கீழே, பூரி படுக்கிற கோணியை முகர்ந்து முகர்ந்து கத்திக்கொண்டிருந்தன. அவள் புருஷன் கஜபதி பாக்கெட் பாலில் துணியை நனைத்து வாயில் வைத்தான். மூன்று சப்பின. எல்லாவற்றிலும் சின்னது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. விடிகிற நேரத்தில் அது கத்துவதையும் நிறுத்திவிட்டது. அதுதான் கஸ்தூரிக்குப் பயமாக இருந்தது.

இப்போது இந்தக் கவிப்பிரியா, வேறு ஒரு நாயைக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போ என்கிறாள்.

கஸ்தூரி அந்த நாயின் கழுத்தில் கைவிட்டுக் கயிற்றைத் திருப்பினாள். பின்பக்கம் ஒரு புது முடிச்சு இருந்தது. அவள் போட்ட முடிச்சு அப்படியே இருக்க, நடுவில் கத்திரியால் வெட்டி, வெட்டின இடத்தை மறுபடி கட்டியிருந்தார்கள்.

அவளுக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. தவறி நடந்தது என்றால் நாய்தான் மாறும். கயிறு ஒரு கழுத்திலிருந்து இறங்கி இன்னொரு கழுத்தில் ஏறாது. பூரி கழுத்தில் வெட்டின கயிற்றை யாரோ தேடி எடுத்து, இதன் கழுத்தில் கட்டி, இந்தச் சித்தாளுக்கு என்ன தெரியப்போகிறது, கயிற்றைக் காட்டினால் போதும் என்று நினைத்திருக்கிறார்கள். 

"யாருமே இந்தக் கயிற கட்னது?"

கவிப்பிரியா கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "அது... அவுந்துடுச்சு, கட்டினோம்."

"அவுந்துச்சா? அறுத்துகீற. என்னிய டபாய்க்கிறியா நீ? எங்க நாயி எங்க? அத்த சொல்லு மொதல்ல!"

"கத்தாதீங்கம்மா, பேஷன்ட்ஸ் இருக்காங்க."

பேஷன்ட்கள் என்றால், மடியில் பூனைக்கூடை வைத்திருந்த ஒரு பையன், பிறகு ஃபேக்டரி குவார்ட்டர்ஸிலிருந்து வந்த ஷோபனா என்கிற அம்மாள், அவள் காலடியில் ஒரு கொழுத்த லேப்ரடார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கஸ்தூரி அந்த மயக்கம் தெளியாத நாயை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக் கதவை முதுகால் தள்ளித் திறந்து, வாசற்படியின் குறுக்கே உட்கார்ந்தாள். கதவை மூடவும் முடியவில்லை. உள்ளே வரவும் வழியில்லை, வெளியே போகவும் வழியில்லை.

"வர சொல்லு உங்க டாக்டர."

டாக்டர் கோகுல்நாத் வந்தார். இளவயது, கையில் நீல உறை, முகத்தில் நல்ல சிரிப்பு. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாயைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், பிறகு கஸ்தூரியின் சிமென்ட் அப்பின காலைப் பார்த்தார்.

"அம்மா, நேத்து இங்க தெரு நாய்களுக்கு கருத்தடை கேம்ப். ஆபரேஷன் பண்ணின நாய்க்கு அடையாளமா காது முனையை வெட்டிடுவோம். ஏகப்பட்ட நாய்ங்க வந்துடுச்சு. ஏதோ கன்ஃப்யூஷன் நடந்திருக்கலாம், தேடிப் பாக்குறோம். அதுவரைக்கும் இதை வச்சுக்கோங்களேன். நாட்டு நாய்தானே, எல்லாம் ஒண்ணுதான். இதுக்கு ஊசியெல்லாம் போட்டாச்சு. இதுவும் நல்ல நாய்தாம்மா."

"உனுக்கு கொயந்த கீதா சார்?"

"இருக்கு. ஏன்?"

"இஸ்கூல்ல உட்டுட்டு சாயங்காலம் கூப்பிடப் போற. வேற ஒரு கொயந்தைக்கு உன் கொயந்த சட்டைய மாட்டி, இத்த கூட்டினு போ சார், இதுவும் நல்ல கொயந்ததான்னு டீச்சரம்மா சொன்னா கூட்டினு போவியா நீ?"

பூனைப் பையன் சிரித்துவிட்டான். டாக்டரின் சிரிப்பு போய்விட்டது. ஷோபனா தன் லேப்ரடாரின் தாடையைப் பிடித்துத் தூக்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"டாக்டர், போன மாசம் எங்க புரூனோவ இங்க விட்டுட்டு நாங்க திருச்சி போனோமே. வந்ததுல இருந்து இவன் தயிர்சாதம் சாப்பிட மாட்டேங்கிறான்."

"மேடம், ப்ளீஸ். அது புரூனோதான்."

"இவங்களுக்கும் அப்படித்தானே சொன்னீங்க?"

அந்த நேரம் பார்த்து, வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு படியேறி வந்தான் டில்லிபாபு. நாய்களைப் பிடித்து வந்து, ஆபரேஷன் முடிந்ததும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விடுகிற டிரைவர். கஸ்தூரியின் மடியிலிருந்த நாயைப் பார்த்ததும் சாவி சுற்றுவது நின்றது.

"இன்னாது, நூம்பல் செவல இங்க கீது? காலைல நான் நூம்பல்ல வுட்டுட்டு வந்தது அப்ப யாரு?"

 கவிப்பிரியா அவனை முறைத்தாள். அவனுக்கு அது புரிய நேரமானது.

"வுட்டுட்டியா?" என்று நிமிர்ந்தாள் கஸ்தூரி. "நேத்து வயித்த கீறி, இன்னிக்கி ரோட்ல வுட்டியா?"

"யக்கா, நான் டிரைவர்க்கா. கூண்டு பத்தலன்னாங்க. ஓரமா கீற கூண்டுல இருந்து செவலைய ஏத்துன்னாங்க, ஏத்துனேன். அது காலு நொண்டிச்சி. நான் சொன்னேன் சார் கிட்ட. சொன்னனா இல்லியா சார்?"

டாக்டர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "டில்லிபாபு, நீ இவங்களை வேன்ல கூட்டிட்டுப் போய்த் தேடிக் குடுத்துடு."

"அவரு வேணாம்," என்றாள் கஸ்தூரி. "நீ வா சார்."

"நான் எப்படிம்மா வர முடியும்? கன்சல்டிங் டைம் இது."

"உன்னிய நம்பித்தான் உட்டுட்டுப் போனேன். இவர நம்பி இல்ல. பெட்டிய எடுத்துகினு வா. நீ வராம நான் இந்தப் படிய உட்டு எழுந்துக்க மாட்டேன். போலீச கூப்புடு, அவங்க வரட்டும், அவங்களாண்டயும் இந்தக் கயிற காட்றேன்."

"போயிட்டு வாங்க டாக்டர்," என்றாள் ஷோபனா. "நாங்க வெயிட் பண்றோம்." பூனைப் பையன் அதற்குள் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்திருந்தான். அதைப் பார்த்த பிறகுதான் டாக்டர் பெட்டியை எடுத்துவர உள்ளே போனார்.

வேனில் பின்னால் காலிக் கூண்டுகளுக்கு நடுவே கஸ்தூரி உட்கார்ந்தாள். நூம்பல் நாய் அவள் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. அதன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அதுவும் என்ன செய்யும்? அதையும் யாரும் கேட்டுவிட்டுக் கீறவில்லை.

பூந்தமல்லி ரோட்டில் வண்டி போய்க்கொண்டிருக்கும்போது கஜபதி போன் செய்தான்.

"இன்னாடி, கூட்டினு வர்றியா இல்லியா? சின்னது வாயே தொறக்க மாட்டேங்குது. ஒடம்பு ஜில்லுனு கீது."

"உன் சட்டைக்குள்ள போட்டுக்கோயா. நெஞ்சோட வச்சிக்கோ. வந்துகினே கீறேன்."

முன்சீட்டில் இருந்த டாக்டர் திரும்பினார். "குட்டி போட்ட நாய்னு நீங்க சொல்லியிருந்தா நாங்க ஆபரேஷன் பண்ணியிருக்கவே மாட்டோம்."

"சொன்னேன். அந்தப் பொண்ணாண்ட சொன்னேன். சொல்லாட்டி இன்னா? கண்ணு இல்லியா உனுக்கு? மடி ரொம்பி, தொட்டா பாலு பீச்சற நாயி. அத்த மல்லாக்க போட்டுத்தானே கீறின? எத்த பாத்துகினு கீறின?"

"அசிஸ்டன்ட்தான் பண்ணினார். நேத்து ஒரே கூட்டம்..."

"அப்ப நீ இன்னா பண்ண?"

டாக்டர் முன்பக்கம் திரும்பிக்கொண்டார். டில்லிபாபு கண்ணாடியில் கஸ்தூரியைப் பார்த்தான். அவள் பார்த்த பார்வையில் அவனும் ரோட்டைப் பார்த்தான்.

நூம்பலில் பாதி வயல், பாதி புது அடுக்குமாடி. தெருவோரம் பாதாளச் சாக்கடைக்கு இறக்கின பெரிய சிமென்ட் குழாய்கள் அடுக்கிக் கிடந்தன. வேன் நின்றதும் கஸ்தூரி நூம்பல் நாயின் கழுத்திலிருந்து கயிற்றை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு, அதை மெதுவாக இறக்கிவிட்டாள். அது மண்ணை முகர்ந்தது, வாலைத் தூக்கியது, தன் வீட்டுக்குப் போகிற பெரிய மனுஷி மாதிரி ஒரு மளிகைக் கடைக்குள் நேராக நுழைந்தது. "ஏய், எங்கடி போயிட்ட நேத்தெல்லாம்?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அதற்கும் ஒரு வீடு இருக்கிறது.

"பூரி! பூரி!" என்று கத்திக்கொண்டு தெருத் தெருவாக நடந்தாள் கஸ்தூரி. இரண்டாவது மாடியிலிருந்து ஒருத்தி எட்டிப்பார்த்தாள்.

"செட்டு எவ்ளோம்மா? கெழங்கு தருவியா?"

டில்லிபாபு சிரித்தான். கஸ்தூரி திரும்பிப் பார்த்தாள். அவன் சிரிப்பை விழுங்கிவிட்டு, "நாயி பேரு மேடம்!" என்று மேலே பார்த்துச் சொன்னான்.

குழாய் அடுக்கின் கடைசியில் நாலைந்து நாய்கள் நின்று ஒரு குழாயைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தன. கஸ்தூரி கல்லை எடுத்து வீசினாள். விலகி ஓடின. முழங்காலைப் போட்டுக் குனிந்து உள்ளே பார்த்தாள்.

உள்ளே இருட்டில் இரண்டு கண்கள். ஒரு உறுமல். பெட்டியோடு பின்னால் வந்து நின்ற டாக்டரைப் பார்த்துத்தான் அந்த உறுமல்.

"தள்ளிப் போ சார். உன் வாடைக்கு அது வராது."

அவர் தள்ளிப் போனார். கஸ்தூரி குழாய்க்குள் பாதி உடம்பை நுழைத்து, கயிற்றை எடுத்து நீட்டினாள். வசம்பு வாசனை. "வாம்மா. ஊட்டுக்குப் போலாம் வா. புள்ளைங்க அயுவுது வா." பூரி கயிற்றை முகர்ந்தது. பிறகு அவள் கையை முகர்ந்தது. பிறகு வயிற்றைத் தரையில் தேய்த்துத் தேய்த்து, முனகிக்கொண்டே வெளியே வந்தது.

வெளிச்சத்தில் பார்த்தாள். காதில் முனை இல்லை. வயிற்றில் தையல் போட்ட இடம் வீங்கி, ஒரு ஓரத்தில் ரத்தம் கசிந்திருந்தது. மடி கல்லாகக் கட்டிப்போய், தானாகவே பால் சொட்டி மண்ணோடு ஒட்டியிருந்தது. கடைசியாக, முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தாள்.

பாதம் அப்படியே பிளந்து கிடந்தது. அவள் முந்தின நாள் அப்பின மஞ்சள்கூட அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. ஒரு பஞ்சு வைத்துத் துடைக்கவில்லை. ஒருத்தனும் தொடவில்லை.

கஸ்தூரி கத்தவில்லை. குரல் தாழ்ந்துபோய் வந்தது.

"இதுக்குத்தானடா வந்தேன். இந்தக் காலுக்குத்தானடா உன்னாண்ட தூக்கினு வந்தேன். கேட்டத செய்யல. கேக்காதத எல்லாம் செஞ்சிகீற."

டாக்டர் கோகுல்நாத் அந்தப் பாதத்தைப் பார்த்தார்.   "சாரிம்மா," என்றார் கடைசியில். "கிளினிக்குக்குப் போய் உடனே..."

"உன் கிளினிக்குக்கா? செத்தாலும் அந்தப் படி ஏறாது இது. வண்டிய கோவில்பதாகைக்கு உடுங்க."

வீட்டு வாசலில் கஜபதி சட்டையின் மேல்பித்தான்களைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே நெஞ்சோடு சின்னது. பூரி வேனிலிருந்து இறங்கியதும் யாரையும் பார்க்கவில்லை. மூன்று காலில் நொண்டிக்கொண்டு டிரம்முக்குக் கீழே போய், தன் கோணியில் விழுந்தது. மூன்று குட்டிகளும் முட்டி மோதிக்கொண்டு மடிக்குப் பாய்ந்தன.

"விடாதீங்கம்மா!" என்றார் டாக்டர். "நகத்தால பிறாண்டும். தையல் பிரிஞ்சிடும். குட்டிங்களைப் பிரிச்சு வச்சிடணும்."

"பிரிச்சி வச்சி? இத்த யாரு காப்பாத்துவா?" கஸ்தூரி புருஷனின் சட்டைக்குள்ளிருந்து சின்னதை எடுத்து நீட்டினாள். அது கையில் ஈரத்துணி மாதிரி கிடந்தது. "பாக்கெட் பாலு இறங்கல. இது ஒண்ணுதான் இறங்கும். உக்காரு சார்."

"எங்க?"

"கீய. மண்ணுலதான். எங்கூட்ல நாக்காலி கெடயாது. கிழிச்சவன் நீ. புடி. தையல் மேல கைய வச்சி மறச்சிகினு புடி. அதுங்க பிறாண்டுனா உன் கைய பிறாண்டட்டும்."

தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். கயிற்றைப் பார்த்துச் சிரித்தவர்களும் நின்றார்கள். இன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் ஒரு தடவை வேனைத் திரும்பிப் பார்த்தார். டில்லிபாபு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் பெட்டியைத் திறந்து, சுத்தமான துணியை எடுத்து மடித்து, வெள்ளைக் கோட்டோடு மண்ணில் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் தையலின் மேல் குவித்துப் பிடித்தார். பூரி உறுமியது. கஸ்தூரி அதன் தலையைத் தன் தொடையில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

குட்டிகள் அவர் விரல்கள் மேலேயே ஏறி நின்று குடித்தன. நீல உறையைக் கிழித்தன. கஸ்தூரி சின்னதின் வாயைப் பிளந்து, காம்பைப் பிடித்து ஒரு பீச்சு பீச்சினாள். ஓரத்தில் வழிந்தது. இன்னொரு பீச்சு. நாக்கு அசைந்தது. மூன்றாவது தடவை அது தானாகவே கவ்விக்கொண்டது.

கஜபதி மூக்கை உறிஞ்சினான். கஸ்தூரியின் முகம் கொஞ்சமும் இளகவில்லை. அவள் இடுப்பிலிருந்த கயிற்றை எடுத்து, கிளினிக்கில் போட்ட அந்தப் புது முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்துத் துப்பினாள். வெட்டுப்பட்ட இரண்டு முனைகளையும் சேர்த்து, பூரியின் கழுத்தில் தன் கையால் இறுக்கிக் கட்டினாள்.

குனிந்து குனிந்து டாக்டருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை.

"போதுமாம்மா? கைய எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"சின்னது இப்பத்தான் குடிக்குது. அப்டியே புடிச்சிகினு இரு," என்றாள் கஸ்தூரி. "அது முடிக்கட்டும். அப்பறம் காலு கீது."